நாலு நாளில் மூன்று காடு, "புலி உறுதி" என்கிறார் ஏஜென்ட்: நம்பலாமா?

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மே விடுமுறையில் மனைவி, எட்டு வயது மகன், அறுபத்தேழு வயது அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்ப் புலி பார்க்க வேண்டும் என்று ஆசை. பயண ஏஜென்ட் ஒருவர் முதுமலை, பந்திப்பூர், கபினி மூன்றையும் நாலே நாளில் காட்டிவிடுவதாகவும், தனி வழிகாட்டி தருவதாகவும், புலி உறுதி என்றும் சொல்கிறாராம். அவரை நம்பலாமா, எந்தக் காட்டில் புலி கட்டாயம் கண்ணில் படும், வழிகாட்டிக்குத் தனியாகப் பணம் கொடுப்பது தண்டச் செலவா? மூன்று கேள்வி போல இருந்தாலும் அடியில் இருக்கும் கவலை ஒன்றுதான்: இவ்வளவு லீவும் பணமும் போட்டுப் போய், அம்மாவையும் பையனையும் அலைக்கழித்து, வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுவோமோ என்பது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

மத்திய இந்தியக் காடுகளிலும் கபினிப் பக்கமும் விடுதிகளில் நேச்சுரலிஸ்டாக, அதாவது விருந்தினர்களுக்குக் காட்டைக் காட்டி விளக்குபவனாக, பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது சென்னையோடு இருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளைக் கிண்டிக்கும் பள்ளிக்கரணைக்கும் அழைத்துப் போவதுதான் வேலை. சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உறுதி" என்ற வார்த்தை பொய். மூன்று காடு என்ற திட்டம் தப்பு. ஒரே காட்டில் மூன்று ராத்திரி தங்கி, சஃபாரி வண்டியில் நாலு சுற்றாவது போங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு தண்டமே இல்லை, ஆனால் அவரிடம் முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் காசு பலன் தரும்.

உறுதி ஏன் பொய் என்பதற்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று காட்டிலும் ஏஜென்டின் வண்டி உள்ளே போகவே முடியாது. முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையின் வண்டிகள்தான் போகும். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். பந்திப்பூரிலும் கபினியிலும் கர்நாடக வனத்துறை வண்டிகளும், அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸின் வண்டிகளும் மட்டும்தான். ஆக, எந்த ஓட்டுநர், எந்தப் பாதை, எந்த இருக்கை என்று எதையும் அவர் தீர்மானிக்க முடியாது. அவர் தருவதாகச் சொல்லும் "தனி வழிகாட்டி" பெரும்பாலும் விடுதியிலிருந்து வாயில் வரை உங்களோடு வந்துவிட்டு, வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்பவராகத்தான் இருப்பார். அறை, கார், சாப்பாடு இதற்கெல்லாம் ஏஜென்ட் பொறுப்பேற்கலாம். காட்டுக்குள் நடப்பதற்கு முடியாது.

அடுத்து எண்ணிக்கை. ஏஜென்ட்கள் இதைத்தான் முதலில் எடுத்து வீசுவார்கள். 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குறைந்தது 3,167 புலிகள். பந்திப்பூர் காப்பகத்தில் 150, நாகரஹொளேயில் 141, முதுமலையில் 114. நாகரஹொளேயின் தென்கோடிதான் நாம் கபினி என்று சொல்வது. பார்த்தால் மூன்றுமே அள்ளித் தருகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு காட்டில் எத்தனை புலி இருக்கிறது என்பதும், உங்கள் கண்ணில் எத்தனை படும் என்பதும் வேறு வேறு கணக்கு. 2012இல் உச்ச நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து வந்த தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள்படி, ஒரு காப்பகத்தின் மையப் பகுதியில் அதிகபட்சம் 20 சதவீதத்தில்தான் சுற்றுலா நடக்கலாம். மீதிக் காட்டில் இருக்கும் புலிகள் உங்கள் கணக்கிலேயே வராது. அப்புறம் புதர். முதுமலை, பந்திப்பூர் இரண்டிலும் உண்ணிச்செடி பாதையோரம் வரை மண்டிக் கிடக்கிறது. வண்டியிலிருந்து நாலடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் வால் கூடத் தெரியாது. மகாராஷ்டிராவின் தடோபா மாதிரியான இடத்தில் கோடை வந்ததும் தேக்கு இலை உதிர்ந்து, புல் காய்ந்து, தண்ணீர் சில குட்டைகளில் மட்டும் மிஞ்சும். வெயில் தாங்காமல் புலி தானே வந்து தண்ணீரில் பின்பக்கமாக இறங்கி உட்காரும். அங்கே அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்றால் அந்தப் புலிகள் நட்பானவை என்று அர்த்தமில்லை. காடு அப்போது திறந்து கிடக்கிறது.

ஒரு சுற்றில் புலி தெரிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று என்னிடம் நிறையப் பேர் கேட்பார்கள். நேர்மையான எண் எதையும் யாராலும் தர முடியாது. விடுதிகள் சொல்லும் சதவீதமெல்லாம் பார்த்தவர்கள் வந்து சொன்னதை வைத்துத்தான். பார்க்காதவர்கள் நேராக அறைக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். மூன்று காட்டில் காட்டுக்கொரு சுற்று போவதைவிட ஒரே காட்டில் நாலு சுற்று போவது எப்போதும் மேல். காட்டில் தகவல் சேர்ந்துகொண்டே போகும். நேற்று சாயங்காலம் எந்தக் குட்டையில் கடமான் கத்தியது, இன்று காலை எந்தப் பாதையில் தடம் குறுக்கே போனது, புலி அடித்த காட்டுமாடு எங்காவது கிடக்கிறதா என்று ஓட்டுநர்கள் பேசிக்கொள்வது அடுத்த சுற்றை முடிவு செய்கிறது. ஒரு சுற்று போய்விட்டு அடுத்த காட்டுக்குக் கார் ஏறினால் ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறீர்கள். அதோடு நாலு நாள் திட்டத்தில் பாதி நேரம் மலைப்பாதையிலும் செக்போஸ்டிலும் போய்விடும். காலை, மாலை இரண்டு நல்ல நேரமும் காருக்குள்தான்.

இப்போது வழிகாட்டி. கேள்வியிலேயே இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நல்ல வழிகாட்டி புலியைத் தேடுவதில்லை. அது விட்டுப்போன தடத்தையும், அதைப் பார்த்துவிட்ட மற்ற விலங்குகளையும் தேடுகிறார். காலையில் வாயில் திறந்ததும் முதலில் போகும் வண்டியில் அவர் கண் மரத்தில் இருக்காது, தரையில் இருக்கும். புலிக்குப் பாதம் மெத்தென்று இருப்பதால் முள்ளும் சருகும் இல்லாத மண் பாதையில் நடப்பது அதற்குப் பிடிக்கும். ராத்திரி முழுக்க நம் ஜீப் பாதையில்தான் ரோந்து போகும். தடத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, சரிந்து விட்டதா. அதன் மேல் பனித்துளி விழுந்த புள்ளி இருக்கிறதா. ராத்திரி ஊர்ந்த பூச்சியின் கோடு தடத்துக்கு மேலே போகிறதா, அடியில் போகிறதா. நேற்றைய டயர் கோட்டை அது மிதித்திருக்கிறதா. இவ்வளவையும் ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு பார்வையில் பார்த்து, "விடிகாலையில் போயிருக்கு, இந்தப் பக்கமாகத்தான்" என்பார். அதைக் கேட்ட பயணிகள் பல பேர் செல்லமாகச் சிரிப்பார்கள், நம்மை மகிழ்விக்கக் கதை விடுகிறார் என்று. கதை இல்லை. கிராமத்தில் மாடு மேய்த்து வளர்ந்தவருக்கு இது எழுத்துக் கூட்டிப் படிப்பதைவிடச் சுலபம்.

அப்புறம் காது. வண்டி எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா நிற்கும்போது பயணிகளுக்குக் கோபம் வரும்: காசு கொடுத்து வந்திருக்கிறோம், ஏன் ஓட்டவில்லை என்று. அந்த நிற்பதில்தான் வேலையே நடக்கிறது. புள்ளிமான் கத்துவது கூர்மையாக, கிட்டத்தட்ட விசில் போலக் கேட்கும். ஆனால் புள்ளிமான் பயந்தாங்கொள்ளி. நரி குறுக்கே போனாலும் கத்தும், சில சமயம் எதுவுமே இல்லாமலும் கத்தும். ஒரே ஒரு தடவை கத்தி நிறுத்திவிட்டால் வழிகாட்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். மந்தி மரத்தின் உச்சியில் உட்கார்ந்து கீழே பார்த்து இருமுகிற மாதிரி கத்தினால் கவனிப்பார். அதற்கு மேலிருந்து எல்லாம் தெரியும். கடமான் அப்படியில்லை. பெரிய உருவம், சின்ன விஷயத்துக்கு அலட்டிக்கொள்ளாது. அது வாலைத் தூக்கி, முன்காலைத் தரையில் உதைத்து, ஒரே திசையைப் பார்த்தபடி விட்டு விட்டு ஆழமான குரலில் கத்துகிறது என்றால், அந்தத் திசையில் புலியோ சிறுத்தையோ இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இதிலும் ஒரு வரம்பு உண்டு: ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் சொல்லலாம், அது பாதைக்கு வருமா என்று கடமானுக்கும் தெரியாது, வழிகாட்டிக்கும் தெரியாது. எங்கே வரக்கூடும் என்று கணித்து வண்டியை அங்கே முன்கூட்டி நிறுத்துவது ஒரு சூதாட்டம்தான். அனுபவசாலி அதில் கொஞ்சம் அதிகம் ஜெயிப்பார், அவ்வளவே.

இடையில் ஒன்று. மானுக்கு ஆரஞ்சு நிறமும் பச்சை நிறமும் பிரித்துத் தெரியாது. புல்லுக்குள் நிற்கும் புலி அதன் கண்ணுக்குப் பச்சையோடு பச்சை. நம் கண்ணுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியும். ஆனாலும் நாம் தவற விடுகிறோம், ஏனென்றால் வரிகள் உடம்பின் விளிம்பை உடைத்துவிடுகின்றன. அதனால் பையனிடம் "புலி எங்கே" என்று தேடச் சொல்லாதீர்கள். காது, வால், அசைகிற புல் நுனி, இந்த மூன்றைத் தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

வழிகாட்டிகள் எல்லோரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிராவிலும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வழிகாட்டி கட்டாயம். பெரும்பாலும் சுற்று வட்டார கிராமத்து ஆட்கள். வாயிலில் முறை வைத்து அனுப்புவார்கள். யார் வருவார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். தென்னிந்தியாவில் பல இடங்களில் ஓட்டுநரேதான் எல்லாம். இவர்கள் சொல்வதில் தடம், குரல், மரத்தில் கீறிய அடையாளம், மூத்திர வாடை இதெல்லாம் நம்பத் தகுந்தது. "நேற்று இதே இடத்தில் ஐந்து மணிக்கு வந்தது, இன்றும் வரும்" என்பது சந்தேகத்துக்குரியது. புலிகளுக்குப் பெயர் வைத்து அதன் குடும்பக் கதையை அத்தை, மாமா வரை சொல்வதில் பாதி உண்மை இருக்கும், பாதி ஜீப்புக்கு ஜீப் வளர்ந்த கதை. கேட்டு ரசிக்கலாம், அடித்துப் பேச வேண்டாம்.

முதல் பத்து நிமிடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்றேன் இல்லையா? பெரும்பாலானவர்கள் ஏறி உட்கார்ந்ததும் கேட்பது "இன்னிக்குப் புலி கிடைக்குமா?" என்றுதான். சிலர் "புலி காட்டினால் நல்லா கவனிச்சுக்கறேன்" என்று பர்ஸைத் தொட்டுக் காட்டுவார்கள். அதைக் கேட்டதும் வழிகாட்டி மற்ற எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொள்வார். செந்நாய்க் கூட்டம் போனாலும் நிறுத்த மாட்டார், வேகமாக ஓட்டச் சொல்வார், வேறு வண்டி எங்கே கூடி நிற்கிறதோ அங்கே கொண்டுபோய்ச் சொருகுவார். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நாங்கள் முதல் முறை வருகிறோம். புலி தெரிந்தால் சந்தோஷம். தெரியாவிட்டாலும் உங்களுக்குச் சேர வேண்டியது சேரும். உங்களுக்குப் பிடித்ததை எங்களுக்குக் காட்டுங்கள், மெதுவாகப் போகலாம்." அந்த ஆளின் தோளில் இறுக்கம் தளர்வதை நீங்களே பார்க்கலாம். அதன் பிறகு மரங்கொத்தி, கரையான் புற்றில் கரடி தோண்டிய குழி, மலை அணில் கூடு, ஆந்தை பொந்து என்று காட்டிக்கொண்டே வருவார். மெதுவாகப் போகிற வண்டிக்குத்தான் கடமான் குரலும் கேட்கும் என்பது இதில் கிடைக்கும் இன்னொரு லாபம்.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புலி தென்பட்ட இடத்தில் இருபது வண்டி முண்டியடிப்பதைப் பார்த்தால் உங்கள் பையனுக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். விலங்குக்கு 20 மீட்டருக்குக் கிட்டே போகக் கூடாது, ஒரே இடத்தில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று நான் முன்னால் சொன்ன அதே வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை. வண்டிகளால் புலிக்கு நிஜமாகவே தொந்தரவா? ஹைதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவிலும் பாந்தவ்கரிலும் புலி எச்சத்தைச் சேகரித்துப் பரிசோதித்து, சுற்றுலா நடக்கும் மாதங்களில் மன அழுத்த ஹார்மோன் அளவு கூடுதலாக இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அதனால் குட்டி போடுவது குறைகிறது என்று அதிலிருந்தே முடிவு கட்டிவிட முடியாது. அதே காடுகளில் குட்டிகளும் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. தொந்தரவு உண்டு என்பது நிச்சயம், எவ்வளவு கெடுதல் என்பது விவாதத்தில் இருக்கிறது. உங்கள் வண்டி கூட்டத்திலிருந்து பின்வாங்கட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொல்லலாம்.

சரி, மே மாதம். புலிக்கு மட்டும் என்றால் ஏப்ரலும் மேயும்தான் அருமையான காலம், தடோபாதான் இடம். சென்னைக்காரர்களுக்கு அது வசதியும்கூட: சென்ட்ரலிலிருந்து டெல்லி போகும் ரயில் பாதையிலேயே தடோபாவுக்குப் பக்கத்து ஸ்டேஷன்களான பல்லார்ஷா, சந்திரபூர் இரண்டும் வருகின்றன. ராத்திரி ஏறினால் மறுநாள் பகலில் இறங்கிவிடலாம். தடோபாவின் மொகர்லி வாயில் சந்திரபூரிலிருந்து ரொம்ப தூரமில்லை. நடு இந்தியக் காடுகளில் வாரத்தில் ஒரு நாளோ, ஒரு வேளையோ விடுமுறை உண்டு. தடோபாவில் அது செவ்வாய்க்கிழமை. ஆனால் மே மாதச் சந்திரபூர் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். மேற்கூரை இல்லாத ஜீப்பில் மதியம் சுற்றக் கிளம்பும்போது காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். அறுபத்தேழு வயது அம்மாவை அங்கே மே மாதம் கூட்டிப்போக நான் சம்மதிக்க மாட்டேன். வேறொரு வருடம் அரையாண்டு விடுமுறையில் போகலாம். அப்போது கூட்டம் அதிகம், விடியற்காலை கை விறைக்கும், கம்பளி வேண்டும், புல் உயரமாக இருப்பதால் பார்ப்பதும் கொஞ்சம் கடினம்.

உங்களுக்கு இந்த மே மாதத்துக்கு நான் சொல்வது கபினி. காவிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் மைசூரு, அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள். 1974இல் அணை கட்டி முடித்த பிறகு உருவான நீர்த்தேக்கம் அது. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, வெளியே வரும் ஏரித் தரையில் பசும்புல் முளைக்கும். சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கும்போது இங்கே மட்டும் புல்லும் தண்ணீரும். யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி வரும். மார்ச் முதல் மழை பிடிக்கும் வரை இந்தக் காட்சி. அம்மாவுக்கு முதுகு, முழங்கால் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. ஜீப் குலுக்கல் ஒத்துக்கொள்ளாது என்றால் அங்கே படகிலும் சுற்றலாம்; குலுக்கல் கிடையாது, யானையும் முதலையும் நீர்ப்பறவைகளும் நிதானமாகத் தெரியும். மூன்று ராத்திரியில் அம்மாவுக்குப் படகு ஒன்றிரண்டு, மற்றவர்களுக்கு ஜீப் நாலு என்று பிரித்துக்கொள்ளலாம். புலி தெரியாமலே திரும்பினாலும் யானையைப் பார்க்காமல் திரும்புவது மே மாதக் கபினியில் அபூர்வம்.

ஒரு நிபந்தனை. 2025 நவம்பரில், ஊர்ப்புறங்களில் புலி தாக்கி ஆட்கள் இறந்ததைத் தொடர்ந்து, பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியைக் கர்நாடக அரசு நிறுத்தி வைத்தது. இப்படி நிறுத்துவதும் திறப்பதும், வண்டிகளைக் குறைப்பதும் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். முதுமலையிலும் கோடையில் தீ அபாயம் அதிகமானால் மூடிவிடுவார்கள். எனவே ரயில் டிக்கெட் போடும் முன் விடுதியில் கேட்காமல் நேரடியாக வனத்துறையிலோ ஜங்கிள் லாட்ஜஸிலோ விசாரியுங்கள். கபினி இல்லையென்றால் பரம்பிக்குளம் போங்கள். கேரளக் காடுதான், ஆனால் வழி நம் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக. சென்ட்ரலிலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகும் இரவு ரயில் இருக்கிறது. உள்ளே வனத்துறைப் பேருந்தில், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி வழிகாட்டிகளோடு போவீர்கள். புலி தெரிவது அரிது. காட்டுமாடும் மானும் மயிலும் ஏறக்குறைய நிச்சயம், கன்னிமரா என்ற பிரம்மாண்டமான பழைய தேக்கு மரம் நிச்சயம். வழிகாட்டியிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு, என்னைக் கேட்டால், தென்னிந்தியாவில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதுமலையை ஒட்டிய மசினகுடிப் பக்கம் தங்கினால் ராத்திரி எட்டு மணிக்கு யாராவது வந்து "நைட் சஃபாரி போலாமா சார், சிறுத்தை காட்டுறேன்" என்பார்கள். வேண்டாம். அது சட்டவிரோதம், பிடிபட்டால் அபராதம் உங்கள் தலையிலும் விழும். சீகூர்ப் பீடபூமி யானை வழித்தடம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பகுதி அது. இருட்டில் டார்ச் அடித்து யானையின் குறுக்கே ஜீப்பை விடுவது குழந்தையோடு செய்யும் காரியம் இல்லை. பகலில் ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூரு போகும் அரசுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாலே முதுமலை, பந்திப்பூர் இரண்டுக்கும் நடுவே டிக்கெட் விலையில் யானை பார்த்துவிடலாம். பல சமயம் சஃபாரி வண்டியில் போனவர்களைவிட அதிகமாகவே.

அம்மாவுக்கான சில விஷயங்கள். ஜீப்பில் பின்வரிசை உயரமாக இருக்கும், காட்சி நன்றாகத் தெரியும், ஆனால் குலுக்கல் முழுக்க அங்கேதான். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். ஏறுவதற்குப் படி உயரம். முக்காலி இருக்கிறதா என்று விடுதியில் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். மூன்று, மூன்றரை மணி நேரம் இடையில் இறங்க முடியாது. குறிப்பிட்ட ஓய்விடம் இருந்தால் மட்டும் இறங்கலாம், அதுவும் எல்லாக் காட்டிலும் கிடையாது. சர்க்கரை, நீர் மாத்திரை எடுப்பவர் என்றால் எப்போது போடலாம் என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் நான் புத்தி சொல்ல முடியாது. உடை எந்த நிறமானாலும் உலகம் அழியாது, ஆனால் பளீர் வெள்ளையும் சென்ட்டும் வேண்டாம். சத்தம்தான் எல்லாவற்றையும்விடக் கெடுதல்.

பையனை மே மாதத்துக்கு முன்னால் இரண்டு ஞாயிறு காலை கிண்டிக்கோ பள்ளிக்கரணைக்கோ அழைத்துப் போங்கள். பைனாகுலர் ஒன்று கடன் வாங்கியாவது கொடுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண ரகம் போதும், பத்துக்கு மேல் என்றால் பிள்ளைகள் கையில் ஆடும். கிண்டியில் வெளிமானையும் புள்ளிமானையும் பத்து நிமிடம் பேசாமல் பார்க்கப் பழகிவிட்டான் என்றால் ஜீப்பில் உங்களுக்குப் பாதித் தொல்லை குறையும். செல்பேசியை எதிர்பார்த்து வர வேண்டாம் என்றும் இப்போதே சொல்லி வையுங்கள். பல காப்பகங்களில் உள்ளே அனுமதி இல்லை, தடோபாவில் வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

முன்பதிவு எங்கே செய்தாலும் அந்தந்த மாநில வனத்துறையின் அதிகாரபூர்வத் தளத்திலேயே செய்யுங்கள். பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் ஏஜென்ட் தளங்கள் நிறைய. பெயர், வயது, அடையாள அட்டை எண் மூன்றும் அசல் அட்டையோடு பொருந்த வேண்டும், வாயிலில் சரிபார்ப்பார்கள். கட்டணம் மூன்று துண்டாக வரலாம்: நுழைவு அனுமதி, வண்டி, வழிகாட்டி. மொத்தமாக ஒரு தொகை சொன்னால் இதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஏஜென்டிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அனுமதிச் சீட்டு யார் பெயரில், எந்தத் தேதிக்கு, எந்தத் தளத்தில் எடுக்கப்பட்டது? சஃபாரி நிறுத்தப்பட்டால் பணம் எப்போது திரும்பும்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வந்தால் மூன்று காட்டை ஒன்றாகக் குறைத்துத் தரச் சொல்லி அவரிடமே தொடரலாம். பதிலுக்கு "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்" என்று வந்தால் முன்பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுங்கள்.